நாய் இல்லைங்கறதுக்கு ஒரு கடுதாசி

போன புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க ஊர்ச் சபைக் கந்தோருக்கு, அதான் ஆபீசுக்குப் போய், எங்க வீட்டுல நாய் இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். போனமா வந்தமான்னு முடிஞ்சிரும்னு நினைச்சு, பாசிப்பயறை ஊறப் போட்டுட்டுத்தான் கிளம்பினேன்.

எந்தச் சபைன்னு சொல்ல மாட்டேன். குப்பை லொறி வரலைன்னா நாளைக்கும் நான் அங்கதான் போய் நிக்கணும்.

நாங்க இருக்கறது கட்டுகஸ்தோட்டையில, மலைப் பக்கமா ஒரு வாடகை வீடு. நல்ல வீடு. குழாயில தண்ணி நிக்காம வரும், காத்து வரும், படி இறங்கினா பஸ். கண்டி பக்கத்துல இப்படி ஒரு வீடு தேட நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பாத்த வீட்டுல எல்லாம் ஒன்னு கூரை ஒழுகும், இல்லைன்னா சொந்தக்காரர் ஒழுங்கா இருக்க மாட்டார்.

இந்த வீட்டுச் சொந்தக்காரர் ஹாஜியார். டவுன்ல ஹாட்வெயார் கடை வச்சிருக்கார். தங்கமான மனுஷன். வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"மகள், சமைங்க, கும்பிடுங்க, விருந்து வைங்க, எனக்கு ஒன்டும் இல்ல. நாய் மட்டும் வேணாம்."

சந்தோஷமா சரின்னோம். எனக்கு நாய்னா பயம். என் வீட்டுக்காரர் சிவாவுக்குப் பூனைன்னாலே பயம். ஹாஜியாருக்கு எங்களை விடப் பொருத்தமான ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்க!

ஆனா குரங்குங்களுக்கு யார் நிபந்தனை போடறது?

கண்டியில இருக்கறவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில கூட்டமா வரும். ஓட்டைத் தூக்கும், ஜன்னலைத் திறக்கும், பாண் ரொட்டியை எடுக்கும், ஜாம் போத்தல் மூடியைக் கழட்டும். அந்த மூடியைக் கழட்ட எனக்கே சிவா வேணும்! ஒரு நாள் கறிச்சட்டியோட தூக்கிட்டுப் போய்க் கூரையில உக்காந்து சாப்பிட்டுச்சுங்க. அதுல ஒன்னு வாயில வச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சுச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை.

"புலி பொம்மை ஒன்னு வைங்க, கிட்டவே வராது"ன்னு மரக்கறிக் கடை அக்கா சொன்னாங்க.

சிவா லீவு நாள் பார்த்து, கடுகண்ணாவையில றோட்டோரமா பூச்சட்டியும் சீமெந்துச் சிலையும் விக்கற இடத்துக்குப் போனார். சாயந்தரம் த்ரீவீல்ல வந்து இறங்கினார். மடியில ஒரு நாய்!

"புலி எங்கங்க?"

"புலி முடிஞ்சு போச்சாம். இதுதான் இருந்துச்சு."

சீமெந்து நாய்தான். ஆனா செஞ்ச மனுஷனுக்கு நாய்ங்க மேல என்ன கோபமோ தெரியலை. கறுப்பு நிறம், மாடு மாதிரி கழுத்து, வாயைத் திறந்து பல் அத்தனையும் வெளிய. கண்ணுக்குக் கண்ணாடிக் கோலி பதிச்சிருந்தாங்க. எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளையே பாக்கும். நான் அன்னைக்கு ராத்திரி தண்ணி குடிக்க எழும்பறதை நிறுத்தினேன்.

புலி வாங்கப் போய்க் கிடைச்சதால, சிவா அதுக்கு டைகர்னு பேர் வச்சார்.

டைகர் வந்த முதல் ரெண்டு நாள் குரங்கே இல்லை. மூணாவது நாள் ஒரு குட்டி, டைகரோட தலையில உக்காந்து பேன் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அசையாத நாய் நாயில்லைன்னு அதுங்களுக்கு விளங்கிருச்சு. குரங்குன்னா சும்மாவா!

அதனால சிவா ஒரு முறை வச்சார். தினமும் காலையில டைகரை இடம் மாத்தணும். இன்னைக்கு பல்கனி, நாளைக்கு கேட், அதுக்கு அடுத்த நாள் தண்ணித் தாங்கிக்கு மேல. நாய்க்கு உள்ள ஒன்னும் இல்லை, வெறும் கூடுதான், கோழிக்கூட்டுக் கம்பியில சீமெந்து பூசியிருந்தாங்க. ஆனாலும் சிவாவுக்கு மூச்சு வாங்கும்.

குரங்குங்க நம்பிருச்சுங்க. பிரச்சினை என்னன்னா, கூடவே அக்கம்பக்கமும் நம்பிருச்சு.

நம்பாம என்ன செய்வாங்க? காலையில எங்க வீட்டுல கேக்கற பேச்சு இப்படித்தான்:

"டைகரை எங்க விட்டீங்க?"

"பின்னாடி நிக்குது!"

"கேட்டுக்குக் கொண்டு வாங்க, நேத்து அந்தப் பக்கம்தானே வந்துச்சுங்க!"

ஒரு நாள் சிவா கால்ல டைகரைப் போட்டுக்கிட்டார். "ஐயோ டைகர்! ரத்தம்! ரத்தம்!"ன்னு அவர் கத்தினது மகாவலி ஆத்துக்கு அக்கரைக்கே கேட்டிருக்கும்.

இந்த நேரம் பார்த்து எங்க சபையில புதுசா ஒரு விதி. பிட்புல், ரொட்வைலர் மாதிரி பயங்கரமான ஜாதி நாய்களைச் சும்மா வளர்க்க முடியாது. பதியணும், சங்கிலி போடணும், வெளிய கொண்டு போனா கடிக்காம இருக்க வாய்க்கூடு மாட்டணும், மதில் உசரமா இருக்கணும். இல்லைன்னா நாயைப் பிடிச்சுட்டுப் போவாங்க, வளர்க்கறவங்க மேல வழக்கு.

நல்ல விதிதான். நான் கூட ஃபேஸ்புக்ல லைக் போட்டேன்.

பக்கத்து வீட்டு குணசேகர மாத்தயாவுக்கும் பிடிச்சிருந்துச்சு போல. சிங்களத்துல மாத்தயான்னா ஐயா. பென்ஷன் எடுத்தவர், நல்ல மனுஷன், பேரப்பிள்ளைங்க வந்து போற வீடு. போய், எங்க வீட்டுல கடிக்கற நாய் இருக்குன்னு முறைப்பாடு குடுத்துட்டார்.

வீடு ஹாஜியார் பேர்ல இருக்கறதால, சபைக் கடுதாசி ஹாஜியாருக்குப் போச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் கீழ படியில இருந்து சத்தம் கேட்டுச்சு.

"மகள்! நாயக் கட்டிப் போட்டீங்களா? கட்டினாத்தான் மேல வருவன்!"

"நாயே இல்லை ஹாஜியார், வாங்க!"

"இல்லாத நாய்க்கா சபையில இருந்து கடுதாசி வந்திரிக்கி?"

"அது சீமெந்து நாய் ஹாஜியார்! ஒன்னும் செய்யாது!"

"நாய் வளக்குற எல்லாரும் அப்புடித்தான் சொல்ற, ஒன்டும் செய்யாதுன்டு!"

சரி, கண்ணால பார்த்தா நம்பிருவார்னு, "என்னங்க, டைகரைக் கொண்டு வந்து காட்டுங்க"ன்னேன். அந்த யோசனை என்னோடதுதான். சிவா மேல பழி போட மாட்டேன்.

சிவா டைகரை ரெண்டு கையாலயும் தூக்கிப் பல்கனிச் சுவர் மேல வச்சார். கீழ இருந்து பாக்கற மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? சுவருக்குப் பின்னால இருந்து ஒரு கறுப்புத் தலை, பல்லைக் காட்டிக்கிட்டு, மெதுவா மேல வருது. சிவா தெரியலை. நாய் மட்டும்தான் தெரியுது.

ஹாஜியாருக்கு வயசு அறுபதுக்கு மேல. அந்தப் படியை அவர் இறங்கின வேகத்தை நான் ஒலிம்பிக்ஸ்லயும் பாத்ததில்லை. ஒரு செருப்பு எங்க படியிலயே நின்னுருச்சு.

அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. ஹாஜியார்தான்.

"மகள், நான் கோவிக்கல. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வருவன். நாய் இல்லன்டு சபையில இருந்து ஒரு கடுதாசி வாங்கி வைங்க. இல்லாட்டி ஊட்ட விட்டுருங்க."

வீடு! இந்த வீட்டை விட்டுட்டு எங்க போறது? ஒரு சீமெந்து நாயால நடுத்தெருவுக்கு வரப்போறோம்!

சரி, முறைப்பாடு குடுத்தவர்கிட்டயே சொல்லுவோம்னு மதிலுக்கு மேல எட்டி, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல, "மாத்தயா, அது சீமெந்து"ன்னேன்.

குணசேகர மாத்தயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "சீமெந்து நாயை ஏன் மகள் தினமும் காலையில தண்ணித் தாங்கி மேல தூக்கி வைக்கறீங்க?"

"குரங்கை ஏமாத்தத்தான் மாத்தயா."

"குரங்குக்குத் தெரியாதா அது சீமெந்துன்னு?"

"தெரியாது மாத்தயா. நாங்க இடம் மாத்தி மாத்தி வைக்கறோம்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டு, உள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நானே அதை வாய்விட்டுச் சொன்னப்போதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமா இருக்குன்னு எனக்கு விளங்குச்சு.

அதனாலதான் புதன்கிழமை கந்தோர்.

கவுண்டர்ல ஒரு மிஸ். சிரிச்ச முகம், நல்லாத் தமிழ் பேசினாங்க.

"மிஸ், எங்க வீட்டுல நாய் இல்லைன்னு ஒரு கடுதாசி வேணும்."

மிஸ் பேனையை வச்சாங்க. "நாயைப் பதியணும்னா செய்யலாம். நாய் செத்துப் போச்சுன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. யாருக்காவது குடுத்துட்டீங்கன்னா அதுக்கும் இருக்கு. நாயே இல்லைங்கறதுக்கு எங்ககிட்ட ஒன்னும் இல்லையே."

"அப்போ நாய் இல்லாத மத்த வீட்டுக்காரங்க எல்லாம் என்ன செய்யறாங்க?"

"அவங்க சும்மா இருக்காங்க. அவங்க மேல முறைப்பாடு இல்லையே."

நியாயமாத்தான் இருந்துச்சு. அதுதான் எரிச்சல்.

"மிஸ், அது சீமெந்து நாய்."

மிஸ் கோவிக்கலை. அன்பா என் கையைத் தொட்டாங்க. "போன கிழமை ஒருத்தர் வந்து, அது நாய் இல்லை, ஆடுன்னார். இன்னொருத்தர், நாய் எங்களோடது இல்லை, சும்மா விருந்துக்கு வந்திருக்குன்னார். நீங்க சீமெந்துங்கறீங்க. பரவாயில்லை, இது புதுசா இருக்கு."

போட்டோ காட்டினா முடிஞ்சிருமேன்னு போனை எடுத்து நீட்டினேன். அன்னைக்கு நான் செஞ்ச மடத்தனத்துல அதுதான் பெருசு.

சிவா எடுத்த போட்டோ அது. தண்ணித் தாங்கி மேல டைகர், பின்னால சூரியன் இறங்குது, கண்ணு ரெண்டும் மின்னுது. கல்யாணத்துக்குக் கூட என்னை யாரும் அப்படி எடுக்கலை.

கந்தோரே கூடிருச்சு.

"என்னமா போஸ் குடுக்குது!"

"இது பிட்புல்."

"போங்க, நெஞ்சைப் பாருங்க, ரொட்வைலர்!"

"எங்க மச்சான் வீட்டுல இருந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

ரெண்டு உத்தியோகத்தர்மார் எங்க டைகரோட ஜாதியை வச்சு உண்மையாவே சண்டைக்குப் போயிட்டாங்க. சத்தம் கேட்டு உள்ள இருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், தேத்தண்ணிக் கோப்பையோட. நாய் விஷயம் எல்லாம் அவர்தான் பாக்கறதாம். அவர் காதுல சீமெந்துங்கற வார்த்தை விழலை. போட்டோவை மட்டும் பார்த்தார். முகம் மாறிருச்சு.

"ஒரு காதைக் காணோமே. வெட்டினீங்களா?"

"ஐயோ இல்லை சேர், உடைஞ்சது. என் வீட்டுக்காரர் படியில தூக்கிட்டு இறங்கறப்போ கை நழுவிருச்சு."

"போட்டுட்டாரா?"

"உருண்டு போய் கேட்ல மோதித்தான் நின்னுச்சு."

ஆளாளுக்கு என் பக்கம் திரும்பினாங்க.

"டொக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"இல்லை சேர். பசை போட்டு ஒட்டிப் பாத்தோம். பிடிக்கலை."

"சாப்பாடு என்ன குடுக்கறீங்க?"

"ஒன்னுமே குடுக்கறதில்லை."

"தண்ணி?"

"அழுக்கானா மட்டும் குழாயைப் பிடிச்சு அடிப்போம்."

"மழையில?"

"வெளியதான் நிக்கும் சேர். அதுக்கு ஒன்னும் ஆகாது."

எனக்குப் பின்னால வரிசையில நின்ன ஒரு அம்மா, "அட பாவி!"ன்னாங்க. திரும்பிப் பார்த்தேன். கண்ணுல தண்ணி!

"சேர், சேர், அது சீமெந்து! கடுகண்ணாவையில வாங்கினது!"

"எங்க வாங்கினா என்ன, அதுவும் ஒரு உசிர்!" இன்ஸ்பெக்டர் கோப்பையை டங்குன்னு வச்சார். "நாளைக்கு நாயை இங்க கொண்டு வாங்க. இல்லைன்னா வலையோட நாங்க வருவோம். பதியாம வச்சிருந்ததுக்கு ஒரு வழக்கு, வதை செஞ்சதுக்கு இன்னொரு வழக்கு."

நாய் இல்லைன்னு கடுதாசி வாங்கப் போனவள், ரெண்டு வழக்கோட வீட்டுக்கு வந்தேன்.

சிவாகிட்டச் சொன்னேன். சிவாவுக்குத் தபால் கந்தோர்ல வேலை. முத்திரை கொஞ்சம் கோணலா ஒட்டினாலே அவருக்குத் தூக்கம் வராது. எல்லாத்தையும் கேட்டுட்டு வெளிய போனவர், ஒரு சங்கிலியும் வாய்க்கூடும் வாங்கிட்டு வந்தார்.

"இது எதுக்குங்க?"

"வெளிய கொண்டு போனா வாய்க்கூடு மாட்டணும்னு விதி இருக்கு."

"சீமெந்து நாய்க்கா?"

"சீமெந்து நாய்க்கு வேணாம்னு விதியில எங்கயாவது சொல்லியிருக்கா?"

சொல்லலைதான்.

மாட்டினோம். அப்போதான் இன்னொரு வினை. டைகரைக் கிட்டப் போய்ப் பார்த்தா சிலைன்னு காட்டிக் குடுக்கறது அந்த வாய்தான். பல்லுல பெயின்ட் வழிஞ்சிருக்கும், நாக்கு தக்காளி நிறம். வாய்க்கூடு மாட்டினதும் அதெல்லாம் மறைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது கறுப்பு உடம்பும், முறைக்கற கண்ணும், ஒரு காதும். சத்தியமா எனக்கே ஒரு அடி பின்னால போகணும் போல இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில த்ரீவீல் பிடிக்கப் போனோம். டிரைவர் பார்த்ததும், "நாயை ஏத்த மாட்டேன்"ன்னார்.

"அண்ணே, இது சீமெந்து."

கிட்ட வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார். அந்தக் கிழமையிலயே நான் சொன்னதை நம்பின ஒரே மனுஷன்! கும்பிடணும் போல இருந்துச்சு.

"சீமெந்தா? அப்போ சீட் கிழிஞ்சிரும். ஏத்தவே மாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டார்.

வேற வழி இல்லை, பஸ்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ல காலையில உக்காந்து போன ஆளை எனக்குத் தெரியாது. நான் இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூடப் போனதில்லை. சிவா டைகரைத் தூக்கிட்டு ஏறினார், நான் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு பின்னால ஏறினேன். பின் சீட் அப்படியே காலி! அதுக்கு முன் சீட்டும் காலி! ரெண்டு பேர் பாலத்துக்கு முன்னாலயே இறங்கிட்டாங்க.

கொண்டக்டர் தூரத்துல நின்னுக்கிட்டே, "நாய் ஏத்த முடியாது, இறக்குங்க"ன்னார்.

"இது நாய் இல்லை தம்பி, சிலை."

"சிலைக்கு எதுக்கு அக்கா வாய்க்கூடு?"

நான் சிவாவைப் பார்த்தேன். சிவா ஜன்னல் வழியா மகாவலியைப் பார்த்தார்.

கொண்டக்டருக்குப் பக்கத்துல வர தைரியம் இல்லை, அதனால எங்களை இறக்கவும் முடியலை. பாலத்துல வழக்கம் போல நெரிசல். பஸ் நகரலை. டைகரும் நகரலை. எல்லாரும் அதையே பாக்கறாங்க.

"என்ன நல்லாப் பழக்கின நாய்! ஆடவே இல்லை பாருங்க"ன்னார் ஒரு ஐயா.

"ஊசி போட்டுருப்பாங்க"ன்னார் இன்னொருத்தர்.

ஒரு அக்கா கைப்பையில இருந்து பிஸ்கட் எடுத்து, வாய்க்கூட்டுக்குள்ள போடச் சொல்லி என்கிட்டக் குடுத்தாங்க. வாங்கி நானே சாப்பிட்டேன். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! காலையில இருந்து நானும்தான் ஒன்னும் சாப்பிடலை, அதை யார் கேட்டாங்க?

கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் பார்த்ததும் வரிசையில நின்னவங்க விலகி வழி விட்டாங்க. அதுவும் எனக்கு முதல் தடவைதான்.

இன்ஸ்பெக்டர் தடிச்ச கையுறை மாட்டிக்கிட்டு வந்தார். பின்னால ஒருத்தர் கயிறோட. இன்ஸ்பெக்டர் குனிஞ்சு, "பயப்படாதே, பயப்படாதே, உனக்கு இனி ஒரு கஷ்டமும் இல்லை"ன்னு சொல்லிக்கிட்டே மெதுவா கிட்ட வந்து தலையைத் தடவினார்.

கை நின்னுச்சு.

கையுறையைக் கழட்டினார். விரலை மடக்கி நெத்தியில தட்டினார். டொக். டொக்.

நிமிர்ந்தார். நான் அவரை ஏமாத்திட்ட மாதிரி ஒரு பார்வை.

"அம்மா, இது சீமெந்து."

"ஆமா சேர்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!"

சிவா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். அது அன்பு இல்லை, பயம். நான் எதையாவது எடுத்து எறிஞ்சிருவேன்னு.

சரி, முடிஞ்சுதுன்னு மிஸ்கிட்டப் போய், "மிஸ், கடுதாசி"ன்னேன்.

மிஸ் உதட்டைக் கடிச்சாங்க. "முறைப்பாட்டை மூடணும்னா நாய்க்கு என்ன ஆச்சுன்னு ஒரு காரணம் வேணுமே."

"சீமெந்துன்னு எழுதுங்க."

"தடை செய்த ஜாதியில சீமெந்து இல்லையே."

"தடை இல்லாத ஜாதின்னு எழுதுங்க!"

"அப்போ அதைப் பதியணும். ஊசி போட்டிருக்கா?"

இன்ஸ்பெக்டருக்கும் இப்போ கொஞ்சம் பாவமா இருந்துச்சு. "செத்துப் போச்சுன்னு போட்டு முடிச்சுருவோமா?"ன்னார்.

"சேர், கடிக்கற நாய்னு முறைப்பாடு இருக்கு. திடீர்னு செத்துச்சுன்னா விசர்நாய் வியாதி இருந்துச்சான்னு பாக்கணும். தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பணும்"ன்னாங்க மிஸ்.

சிவா டைகரோட கழுத்தைக் கட்டிக்கிட்டார். "தலையை எல்லாம் வெட்ட விட மாட்டேன்!"

"யாருக்காவது குடுத்துட்டதா போடலாம்"ன்னார் இன்ஸ்பெக்டர்.

"வாங்கினவங்க வந்து சொல்லணும் சேர்."

யார் வாங்குவாங்க? நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஹாஜியார் வருவார். எனக்கு அந்த இடத்துலயே உக்காந்து அழணும் போல இருந்துச்சு. உண்மையாவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

அப்போதான் ஜன்னல் கம்பியில ஒரு கை தெரிஞ்சுச்சு. மயிர் முளைச்ச சின்னக் கை.

பகல் சாப்பாட்டு நேரம். அலுமாரிக்கு மேல கந்தோர்க்காரங்களோட சோத்துப் பார்சல் எல்லாம் அடுக்கியிருந்துச்சு. மிஸ் "ஐயோ வந்துட்டானுங்க!"ன்னு கோடு போடற அடிமட்டத்தைத் தூக்கினாங்க. இன்ஸ்பெக்டர் ஓடிப் போய்த் தன் பார்சலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். தினமும் நடக்கறதுதான் போல, ஆளாளுக்கு ஒரு இடத்துல நின்னுட்டாங்க.

குரங்கு ஒன்னு உள்ள குதிச்சுச்சு. பெரிய ஆண் குரங்கு. அலுமாரியைப் பார்த்துச்சு. அப்புறம் திரும்பி டைகரைப் பார்த்துச்சு.

ஒரு கீச்சுச் சத்தம்! வந்த ஜன்னலைக் கூடத் தேடலை, கிடைச்ச ஜன்னல் வழியா ஓடிருச்சு. வெளிய காத்திருந்த கூட்டமும் மரத்துக்கு மரம் தாவிப் போய் மறைஞ்சு போச்சு.

மிஸ் அடிமட்டத்தைக் கீழ வச்சாங்க.

மிஸ் டைகரைப் பார்த்தாங்க. இன்ஸ்பெக்டர் மிஸ்ஸைப் பார்த்தார். பிட்புல்லா ரொட்வைலரான்னு சண்டை போட்ட ரெண்டு பேரும் சமாதானமாகி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"பார்வைக்குத் தடை செய்த ஜாதி. பதியலை. மதிலும் உசரம் இல்லை. சபை இதைப் பறிமுதல் செய்யுது."

மிஸ் அவ்வளவு வேகமா எழுதினதை அந்தக் கந்தோர்லயே யாரும் பாத்திருக்க மாட்டாங்க. 'மேற்படி வீட்டிலிருந்த நாய் சபையினால் அகற்றப்பட்டது. தற்போது அவ்வீட்டில் நாய் இல்லை.' கீழ ரெண்டு முத்திரை. ஒன்னு போதும்னேன், சந்தோஷத்துல ரெண்டு குத்தினாங்க.

சிவா டைகரோட வாய்க்கூட்டைக் கழட்டினார். துணியால முதுகைத் துடைச்சார். வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பிப் போய் இன்ஸ்பெக்டர்கிட்ட, "தினமும் இடம் மாத்தி வைங்க சேர், இல்லைன்னா கண்டுபிடிச்சுருங்க"ன்னார். பஸ்ல வர்றப்போ அந்த வாய்க்கூட்டைக் கையிலயே வச்சிருந்தார். நின்னுக்கிட்டுத்தான் வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தா, ஊறப் போட்ட பாசிப்பயறு முளை விட்டிருந்துச்சு.

வெள்ளிக்கிழமை. ஹாஜியார் தொழுதுட்டு வர்ற நேரம். வீட்டைக் கூட்டி, கதிரையைத் துடைச்சு, மேசையில ஒரு சீப்பு வாழைப்பழம் வச்சு, பழத்துக்கு அடியில அந்தக் கடுதாசியை வச்சேன். காத்துல பறந்துறக் கூடாதுல்ல! அவர் விட்டுட்டு ஓடின செருப்பையும் கழுவிப் படியில வச்சிருந்தேன்.

தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்க உள்ள போனேன். அவ்வளவுதான்.

டைகர் இல்லைங்கற செய்தி குரங்குங்களுக்கு யார் சொன்னதோ தெரியாது. திரும்பி வந்தா மேசை காலி. பழமும் இல்லை. கடுதாசியும் இல்லை!

வெளிய ஓடினேன். கூரை முழுக்கக் குரங்கு. ஒன்னு பழத்தை உரிக்குது. ஒன்னு குட்டிக்கு ஊட்டுது. ஓட்டு முகட்டுல ஒரு கிழட்டுக் குரங்கு, எங்க கடுதாசியை ரெண்டு கையாலயும் தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கு. அப்புறம் அந்த முத்திரை ரெண்டையும் கிழிச்சு வாயில போட்டுச்சு.

"ஏய்! அது என் வீடு! குடு!"ன்னு கத்தறேன். கீழ படியில யாரோ இருமினாங்க.

ஹாஜியார்.

நான் அப்படியே நின்னுட்டேன். போச்சு. வீடு போச்சு. சாமானை எல்லாம் எந்தப் பெட்டியில கட்டறதுன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு.

ஹாஜியார் கூரையைப் பார்த்தார். பல்கனியைப் பார்த்தார். திரும்பவும் கூரையைப் பார்த்தார். அப்புறம் தன் பழைய செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, நிதானமா, ஒவ்வொரு படியா ஏறி மேல வந்தார்.

"ஹாஜியார், கடுதாசி வாங்கினேன், சத்தியமா வாங்கினேன், அந்தக் கிழட்டுக் குரங்கு..."

"கடுதாசி என்னத்துக்கு மகள்?" கதிரையை இழுத்து உக்காந்தார். "நாய் இருந்தா இந்தக் கொரங்கெல்லாம் இப்புடி ஊட்டுக்குள்ள வருமா? நாய் இல்லன்டு எனக்கு நல்லா வெளங்கிச்சு. தேத்தண்ணி கொண்டு வாங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் குணசேகர மாத்தயா, கையில கூட்டற தும்புத்தடியோட தன் கூரையைப் பார்த்துக்கிட்டு, "மகள், டைகர் எங்க?"ன்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் தேத்தண்ணி ஊத்த உள்ள போயிட்டேன்.

ஆகவே, உங்க வீட்டுல நாய் இல்லைன்னு யாருக்காவது நிரூபிக்கணும்னா சபைக்கு அலையாதீங்க, ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.